மாமா வீட்டு டிவி பாக்ஸும் அப்புச்சி வரும் நாலு நிமிடமும்

வெள்ளகோவிலிலிருந்து முத்தூர் போகும் வழியில் மாமாவின் தோட்டம். அங்கே 40 இன்ச் டிவி ஒன்றும், அதனோடு பிராண்டு பெயர் எதுவும் தெரியாத ஒரு ஆண்ட்ராய்டு பாக்ஸும் இருக்கின்றன. மாமா மகளின் கல்யாணம் 2012-ல் நடந்தது. அந்த வீடியோ அதில் ஒழுங்காக ஓடுவதில்லை என்று அம்மா இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த வீடியோவில்தான் அம்மாவின் அப்பா, எங்கள் அப்புச்சி நடமாடுகிறார். அவர் போய்ச் சேர்ந்து ஏழு வருடம் ஆகிவிட்டது. அவர் பேசி, நடந்து, சிரிக்கும் வேறு வீடியோ எங்கள் வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது.

மே மாதம் லீவுக்குப் போனபோது மல்டிமீட்டர், சின்ன ஸ்க்ரூடிரைவர் செட், லேப்டாப் மூன்றையும் எடுத்துக்கொண்டு போனேன். "புது பாக்ஸ் ஒண்ணு வாங்கிப் போட்டர்லாம் மாப்ள, மூவாயிரம்தான் ஆகும்" என்றார் மாமா. "மூணு நாள் பொறுங்க மாமா, பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

முதலில் எதையும் தொடாமல் உட்கார்ந்து பார்த்தேன். படம் தடுக்கித் தடுக்கி ஓடியது. தவில்காரரின் குச்சி தோலில் விழுவதற்கு முன்பே சத்தம் வந்தது. பத்து நிமிடம் போனால் அந்த இடைவெளி இன்னும் கூடியது. நடுவில் ஒருமுறை மொத்தமாக நின்றுவிட்டது. மாமா சொன்ன இன்னொரு விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. சாப்பிட எழுந்து போகும்போது நிறுத்தி வைத்தால், திரும்பி வந்து அழுத்தினால் ஓடவே ஓடாதாம். பாக்ஸை ஆஃப் செய்து போட்டால்தான் ஹார்ட் டிஸ்கே தெரியுமாம்.

ஒரு வீடியோ திரைக்கு வர மூன்று வேலை நடக்க வேண்டும். டிஸ்கிலிருந்து கோப்பைப் படிக்க வேண்டும். சுருக்கி வைத்திருக்கும் படத்தை விரிக்க வேண்டும், இதைத்தான் டிகோடிங் என்கிறோம். விரித்ததை டிவி கேட்கும் வேகத்தில் அனுப்ப வேண்டும். எங்கே அடைத்திருக்கிறது என்று தெரியாமல் பாக்ஸை மாற்றுவது, மோட்டார் ஏன் ஓடவில்லை என்று பார்க்காமல் புது போர் போடுவதற்குச் சமம். அதனால் முதல் நாள் முழுவதும் எதையும் சரி செய்யவில்லை, பிரித்துப் பார்க்க மட்டும் செய்தேன்.

முதலில் ஒரு துண்டுக் கோப்பை என் போனில் ஏற்றி விஎல்சி பிளேயரில் ஓட்டினேன். சுத்தமாக ஓடியது, கோப்பில் பழுதில்லை. அடுத்து அதே கோப்பைப் பாக்ஸின் உள் மெமரியில் போட்டு, ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு ஓட்டினேன். தடுக்கல் அப்படியே இருந்தது, ஆனால் ஒருமுறைகூட மொத்தமாக நிற்கவில்லை. நிறுத்தி வைத்துக் கால் மணி நேரம் கழித்து அழுத்தினாலும் ஓடியது. அப்படியென்றால் இது இரண்டு தனித்தனி வியாதி. ஒன்று ஹார்ட் டிஸ்க் பக்கம், இன்னொன்று டிகோடிங் பக்கம்.

ஹார்ட் டிஸ்கை முதலில் எடுத்தேன். ஸ்டுடியோக்காரர் டிவிடியோடு, கேமராவில் எடுத்த மூலக் கோப்புகளையும் இந்த டிஸ்கில் போட்டுக் கொடுத்திருந்தார். அந்த மனிதருக்குப் புண்ணியமாகப் போகட்டும். வீடியோ கேமராக்கள் பதியும் ஏவிசிஎச்டி வகை, 1080ஐ, ஒவ்வொன்றும் சுமார் 2 ஜிபி, மொத்தம் 19 கோப்பு, மூன்றரை மணி நேரம். இந்த வகையில் அதிகபட்சம் நொடிக்கு 24 மெகாபிட், அதாவது நொடிக்கு 3 மெகாபைட். பழைய யூஎஸ்பி 2.0 போர்ட் காகிதக் கணக்கில் 480 மெகாபிட் தரும். நடைமுறையில் அதில் பாதி கிடைத்தாலே இந்த வீடியோவைப் போல் பத்துக்கு அளக்கலாம். ஆக, டிஸ்க் மெதுவாக இருக்கிறது என்ற பேச்சுக்கே இடமில்லை.

காதை டிஸ்க் பக்கத்தில் வைத்துக் கேட்டேன். நின்றுபோகும் நேரத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம், பிறகு சுழலும் ஓசை அடங்கி மறுபடி ஏறியது. மின்சாரம் போதாத டிஸ்கின் சத்தம் இது. ஒரு பழைய யூஎஸ்பி ஒயரை வெட்டி, சிவப்பும் கறுப்பும் வெளியே தெரியும்படி செய்து, பாக்ஸின் இன்னொரு போர்ட்டில் சொருகி மல்டிமீட்டரை வைத்தேன். டிஸ்க் இல்லாமல் 5.1 வோல்ட். டிஸ்க் சுழன்று படம் ஓடும்போது 4.6. நிறுத்தி வைத்து, டிஸ்க் தூங்கியபின் எழுப்பும் அந்த நொடியில் 4.4-க்கு இறங்கியது. யூஎஸ்பி 2.0 போர்ட்டில் 4.75-க்குக் கீழே போகக் கூடாது. இரண்டரை இன்ச் டிஸ்க் சும்மா ஓடும்போது குறைவாகத்தான் இழுக்கும். நின்ற தட்டைச் சுழற்றி எழுப்பும்போது ஒரு ஆம்பியர் வரைக்கும் கேட்கும். நிறுத்தி வைத்தால் திரும்ப ஓடாததற்குக் காரணம் இதுதான்.

பாக்ஸோடு வந்த அடாப்டரில் 5 வோல்ட் 2 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தது. பல வருடம் இரவு பகலாகச் சூட்டில் கிடந்தால், உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் உப்பி, அச்சிட்ட அளவைத் தர முடியாமல் போய்விடும். அடாப்டரைத் திறந்து பார்க்கும் ஆசை யாருக்கும் வேண்டாம். கரண்டிலிருந்து பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம். வெள்ளகோவிலில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் அதே பின் அளவில் 5 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர் கிடைத்தது. சொருகும் முன், பின்னின் நடுவே பிளஸ் வருகிறதா என்று மீட்டரில் பார்த்துக்கொண்டேன். வோல்ட் அதே 5-ஆகத்தான் இருக்க வேண்டும், ஆம்பியர் கூடுதலாக இருந்தால் தப்பில்லை. டிஸ்க்கின் மெல்லிய நீள ஒயரையும் தூக்கிப் போட்டுவிட்டு, முழங்கை நீளத்தில் தடித்த ஒயர் போட்டேன். இப்போது டிஸ்கை எழுப்பும்போதும் 4.85-க்குக் கீழே இறங்கவில்லை. முதல் வியாதி போனது.

அடுத்தது தடுக்கல். மாமா வீட்டில் கோடி (Kodi) என்ற வீடியோ பிளேயரைத்தான் பயன்படுத்துகிறார்கள். படம் ஓடும்போது யூஎஸ்பி கீபோர்டைச் சொருகி ஆங்கில 'ஓ' எழுத்தை அழுத்தினால், எந்த டிகோடர் வேலை செய்கிறது, சிபியு எவ்வளவு உழைக்கிறது என்று திரையில் வரும். டிகோடர் பெயர் 'எஃப்எஃப்' என்று தொடங்கியது, சிபியுவின் நாலு கோரும் 90 சதவீதத்துக்கு மேல் உழைத்தன. புரிந்துவிட்டது. பாக்ஸின் சிப்பில் வீடியோவை விரிப்பதற்கென்றே தனியாக ஒரு பகுதி இருக்கிறது. அதைச் சும்மா உட்கார வைத்துவிட்டு, பொது வேலைக்கு இருக்கும் சிபியு தலையில் எல்லாச் சுமையையும் ஏற்றியிருக்கிறார்கள். மாமா பையனைக் கேட்டேன். எப்போதோ ஒரு படம் பச்சை பச்சையாகத் தெரிந்தது என்று சிப்பின் அந்தத் தனிப் பகுதியைப் பயன்படுத்தச் சொல்லும், அமைப்புகளில் மீடியாகோடெக் என்று இருந்த இரண்டையும் அணைத்திருக்கிறான். அந்தப் படத்துக்கு அது சரி. அப்புறம் மறுபடி போடாமல் விட்டதுதான் வினை.

அமைப்புகள், பிளேயர், வீடியோ என்று போய் மீடியாகோடெக், மீடியாகோடெக் சர்ஃபேஸ் இரண்டையும் இயக்கினேன். டிகோடர் பெயர் 'ஏஎம்சி' என்று மாறியது, சிபியு 20 சதவீதத்துக்குள் வந்தது. தவில் குச்சியும் சத்தமும் ஒன்றாக விழுந்தன. போனிலும் இதே கதைதான். விஎல்சியில் 'ஹார்டுவேர் ஆக்சிலரேஷன்' என்றும், எம்எக்ஸ் பிளேயரில் எச்டபிள்யூ, எச்டபிள்யூ பிளஸ், எஸ்டபிள்யூ என்றும் இருப்பது இந்தத் தேர்வுதான். படம் தடுக்கினால், போன் சுட்டால், பேட்டரி விறுவிறுவென்று இறங்கினால், முதலில் பார்க்க வேண்டியது இதை.

ஆனால் இங்கே புதிதாக ஒன்று முளைத்தது. யாராவது கையை அசைத்தால், உடம்பைத் திருப்பினால், ஓரங்களில் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாக வந்தது. அப்புச்சியின் தோளில் பச்சைக் கரை போட்ட துண்டு. அவர் நடக்க நடக்க அந்தக் கரை ஏணிப்படி மாதிரி உடைந்து தெரிந்தது.

காரணம் 1080ஐ என்பதில் இருக்கும் அந்த 'ஐ'. இந்தக் கேமரா நொடிக்கு 50 முறை எடுக்கும். ஒவ்வொரு முறையும் முழுப் படத்தை எடுக்காது. ஒருமுறை ஒற்றைப்படைக் கோடுகள், அடுத்த முறை இரட்டைப்படைக் கோடுகள். இரண்டையும் ஒன்றாகப் பின்னி வைத்தால், நடுவில் கை நகர்ந்திருக்கும், அதனால் ஓரம் பிசிறும். இதைப் பிரித்துச் சரி செய்வதற்கு டீஇன்டர்லேஸ் என்று பெயர். சிபியு டிகோட் செய்தபோது கோடி பிளேயரே இதைச் செய்துகொண்டிருந்தது. இப்போது படம் சிப்பிலிருந்து நேராகத் திரைக்குப் போவதால் பிளேயரின் கைக்கு வருவதே இல்லை. சில பாக்ஸ்களில் சிப்பே பிரித்துக் கொடுத்துவிடும், இதில் அது நடக்கவில்லை.

இந்த இடத்தில்தான் நிறைய யோசித்தேன். பாக்ஸால் முடியாததை ஒவ்வொரு முறையும் பாக்ஸிடம் கேட்பதைவிட, லேப்டாப்பில் ஒரே ஒருமுறை செய்து வைத்துவிடலாம். வீடியோவை மாற்றித் தரும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருளில், டீஇன்டர்லேஸ் செய்ய 'பிடபிள்யூடிஃப்' என்ற ஃபில்டர் இருக்கிறது. அதைக் கொண்டு நொடிக்கு 50 முழுப் படமாக மாற்ற முடிவு செய்தேன். 25 ஆக்கினால் கோப்பு சின்னதாகும், ஆனால் அசைவின் வழவழப்பில் பாதி போய்விடும். இருக்கும் ஒரே வீடியோவில் அதை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

முதல் சோதனையில் தப்பு செய்தேன். எந்தக் கோட்டுத் தொகுதி முதலில் வரும் என்பதை நானாகக் கீழ்த்தொகுதி என்று கொடுத்துவிட்டேன். சீப்புப் பல் மறைந்தது. ஆனால் அப்புச்சி பொண்ணு மாப்பிள்ளைக்கு அரிசி போட்டு வாழ்த்தும்போது, அவர் கை ஒரு இழை முன்னால் போய், ஒரு இழை பின்னால் வந்து, மறுபடி முன்னால் போனது. நடுக்கம் வந்த கை மாதிரி. அப்புச்சிக்குக் கை நடுக்கமே கிடையாது, எண்பது வயதிலும் ஊசியில் நூல் கோப்பார். அந்தக் காட்சியைப் பார்த்த பிறகு கோப்பின் விவரத்தைத் திறந்து படித்தேன், மேல்தொகுதி முதலில் என்று தெளிவாக எழுதியிருந்தது. மாற்றிக் கொடுத்ததும் அரிசி அவர் விரலிலிருந்து நேராகப் போய் விழுந்தது. இரண்டு நிமிடத் துண்டில் இப்படிச் சோதித்துப் பார்க்காமல் மொத்தத்தையும் ஓட விடாதீர்கள். என் பழைய லேப்டாப்புக்கு முழு வேலையும் முடிய ஒரு ராத்திரியும் மறுநாள் மத்தியானமும் ஆனது.

படத்தைச் சுருக்கும் முறை எச்.264 போதும் என்று வைத்துக்கொண்டேன். எச்.265 இடத்தை மிச்சப்படுத்தும், உண்மைதான். ஆனால் டிஸ்கில் இடம் கிடக்கிறது. எச்.264 அம்மாவின் பழைய போனிலும் ஓடும், இனி வாங்கப் போகும் டிவியிலும் ஓடும். தரத்தைத் தீர்மானிக்கும் சிஆர்எஃப் எண் 18. மூன்று கோப்பாகப் பிரித்தேன்: முதல் நாள் சீர், முகூர்த்தம், விருந்து. மூலக் கோப்புகள் 19-ஐயும் அழிக்கவில்லை, இன்னொரு டிஸ்கில் பிரதி எடுத்து அம்மாவின் பீரோவில் வைத்திருக்கிறேன்.

புதுக் கோப்பைப் பாக்ஸில் ஓட்டியபோது எல்லாம் நன்றாக இருந்தது, ஒன்றைத் தவிர. கேமரா பந்தலில் உட்கார்ந்திருந்த பெரியவர்களை வரிசையாகக் காட்டிக்கொண்டு நகரும் இடத்தில் மெல்லிய உதறல். பாக்ஸ் டிவிக்கு நொடிக்கு 60 அனுப்புகிறது, வீடியோவில் இருப்பது 50. குறைகிற பத்தை ஈடுகட்ட ஒவ்வொரு ஐந்தாவது படத்தையும் இரண்டு முறை காட்டுகிறது. அந்த இரட்டிப்புதான் உதறல். கோடியில் 'திரையின் புதுப்பிப்பு வேகத்தைச் சரிசெய்' என்ற பொருளில் ஒரு அமைப்பு இருக்கிறது. அதைத் தொடங்கும்போதும் முடியும்போதும் என்று வைத்தேன். படம் ஆரம்பிக்கும்போது டிவி ஒரு விநாடி கறுத்து 50-க்கு மாறுகிறது, அவ்வளவுதான். பெரியவர்கள் வரிசை இப்போது வாய்க்கால் தண்ணீர் போல நகர்கிறது.

மூன்றாம் நாள் நாற்பது நிமிடம் ஓடிய பிறகு மறுபடி தடுக்கியது. பாக்ஸின் மேல் கை வைக்க முடியவில்லை. லேப்டாப்பிலிருந்து, ஆண்ட்ராய்டுக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி வழியாகச் சிப்பின் வெப்பநிலையைப் படித்தேன், 84 டிகிரி. சூடு ஏறினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சிப் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வெள்ளகோவில் மே மாத வெயில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை, போதாததற்குப் பாக்ஸை இன்வெர்ட்டர் மேலே வைத்திருந்தார்கள். அடியில் ரப்பர் காலுக்குக் கீழே நாலு ஸ்க்ரூ. திறந்தால் சிப்புக்கும் அலுமினியத் தகட்டுக்கும் நடுவில் சூட்டைக் கடத்த இருந்த பேட் காய்ந்த அப்பளம் மாதிரி உதிர்ந்தது. திருப்பூரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் தெர்மல் பேட் வாங்கி வரச் சொல்லி ஒட்டினேன். தறி ஓடும் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்து படிந்த பஞ்சு காற்றுத் துளைகளை அடைத்திருந்தது, பிரஷ்ஷால் சுத்தம் செய்தேன். பாக்ஸை இன்வெர்ட்டரை விட்டு நகர்த்தி, சுவரில் அடித்த சின்னப் பலகையில் வைத்தோம். இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு 66 டிகிரி.

பாக்ஸின் ரேமில் 200 எம்பிதான் காலி இருந்தது. யாரும் தொடாத ஆப்கள் எல்லாவற்றையும் நீக்கினேன். ரேம் பூஸ்டர் என்று இரண்டு இருந்தன, அவற்றை முதலில் நீக்கினேன். ஒரு ஜிபி ரேமில் அவையே ஓடி அவையே தின்கின்றன. ஆண்ட்ராய்டுக்குத் தேவையில்லாததை மூடத் தானாகவே தெரியும், பூஸ்டர் மூடியதை அது மறுபடி திறக்க வேண்டியிருப்பதால் இன்னும் மெதுவாகிறது.

போன் பக்கம் வேறு விதமான தொல்லை. மாமா பையன் மூலக் கோப்பைப் போனில் போட்டபோது படம் வந்தது, சத்தம் வரவில்லை. இந்தக் கேமரா ஒலியை ஏசி3 வகையில் பதிந்திருக்கிறது. எல்லாப் பிளேயரிலும் அதற்கான டிகோடர் இருக்காது. விஎல்சி தனக்கென்று டிகோடர்களை வைத்திருப்பதால் அதில் கேட்டது. மாற்றிய கோப்புகளில் ஒலியை ஏஏசி ஆக்கிவிட்டதால் இப்போது எதிலும் கேட்கிறது.

அப்புறம் அவனுக்கு வெளித் திண்ணையில் கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டு வைஃபையில் பார்க்க வேண்டும். நின்று நின்று வந்தது. பஃபரை, அதாவது முன்கூட்டியே இழுத்துச் சேர்த்து வைக்கும் அளவைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று யாரோ சொல்லி, பத்து நொடி, முப்பது நொடி என்று கூட்டி வைத்திருந்தான். இந்தப் பக்கத்தில் பிஏபி (பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம்) வாய்க்காலில் முறை வைத்துத்தான் தண்ணீர் விடுவார்கள். கடைமடைத் தோட்டத்துக்காரர் அதைத் தொட்டியில் பிடித்து வைத்துப் பாய்ச்சுவார். வரத்து கூடக் குறைய இருந்தால் தொட்டி ஈடுகட்டும். ஆனால் தினம் பாய்ச்சுவதைவிட வரத்தே கம்மி என்றால், தொட்டி எவ்வளவு பெரிதானாலும் வறண்டுதான் போகும். திண்ணையில் வேகத்தை அளந்தேன், நொடிக்கு 12 மெகாபிட். வீடியோ கேட்பது 20-க்கு மேல். நடுவில் இருப்பது ஒன்றரை அடிக் கல் சுவர். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அந்தச் சுவரைத் தாண்டவே இல்லை, 2.4 மட்டும்தான் வந்து சேர்ந்தது.

ரூட்டரை மூலை அலமாரியிலிருந்து எடுத்து ஜன்னல் ஓரத்தில் வைத்ததும் 30-ஐத் தொட்டது. அதோடு போனுக்கென்று 720 அளவில், நொடிக்கு 3 மெகாபிட்டில் தனியாக ஒரு பிரதி செய்து கொடுத்தேன். ஆறு இன்ச் திரைக்கு அது தாராளம். பஃபரை மூன்று நொடிக்கு இறக்கிவிட்டேன்.

மாமா மகளின் குழந்தைக்கு ஆவணியில் காதுகுத்து. அதைப் போனில்தான் எடுப்பார்கள் என்பதால் இதையும் பார்த்து வைத்தேன். அவர்கள் போன் 4கே, நொடிக்கு 60, எச்.265 என்று இருந்தது. பாக்ஸில் இருப்பது அம்லாஜிக் எஸ்905டபிள்யூ சிப். 4கேயில் நொடிக்கு 30 வரைதான் அதன் டிகோடரால் விரிக்க முடியும். கேமராவில் 1080, எச்.264 என்று மாற்றிக் கொடுத்தேன். எடுக்கும்போதே பார்த்துக்கொண்டால் பின்னால் ஒரு ராத்திரி லேப்டாப்பை ஓட விட வேண்டியதில்லை.

சாயங்காலம் அம்மாவின் அம்மா, அம்முச்சியை அழைத்து வந்து டிவி முன்னால் உட்கார வைத்தோம். முகூர்த்தக் கோப்பைப் போட்டேன். அப்புச்சி தோளில் துண்டோடு பந்தலுக்குள் வந்தார். பச்சைக் கரை நூல் நூலாகத் தெரிந்தது. அரிசி போட்டு வாழ்த்திவிட்டு, கேமரா பக்கம் திரும்பி, யாரையோ பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார்.

"அங்கியே நிறுத்து சாமி" என்றார் அம்முச்சி.

நிறுத்தினேன். அந்தத் துண்டு சென்னிமலையில் எடுத்தது, கல்யாணத்துக்கு முதல் வாரம் இரண்டு பேரும் பஸ்ஸில் போய் எடுத்தது, அது இன்னும் மரப்பெட்டியில் இருக்கிறது என்று சொன்னார். மாமாவிடம் சாவி வாங்கி, பெட்டியைத் திறந்து, துண்டை எடுத்து வந்து மடியில் வைத்துக்கொண்டு, திரையில் இருப்பதையும் மடியில் இருப்பதையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கால் மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். டிஸ்க் எப்போதோ தூங்கிப் போய் அதன் விளக்கு அணைந்திருந்தது.

"செரி, போடு கண்ணு."

அழுத்தினேன். இரண்டு விநாடி சத்தமில்லை. டிஸ்க் மெல்ல ஏறிச் சுழலும் ஓசை கேட்டது, அப்புச்சி சிரித்து முடித்துவிட்டு நடந்து போனார்.